ட்ரூமன் மீண்டார், அவர் திட்டங்கள் மீளவில்லை

1946 செப்டம்பரில் அமெரிக்க நகரங்களின் இறைச்சிக் கடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. உலகப் போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. போரை வென்ற நாட்டில், மாடுகளுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில், மாட்டிறைச்சிக்காக வரிசையில் நின்ற குடும்பப் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். போர்க்கால விலைக் கட்டுப்பாடு ஜூன் 30ஆம் தேதி காலாவதியானதும் விலைகள் எகிறியிருந்தன. சில வாரங்களில் கட்டுப்பாடு திரும்ப வந்தது. உடனே பண்ணைக்காரர்கள் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். நல்ல விலை வரும்வரை மேயட்டும் என்பது அவர்கள் கணக்கு. அக்டோபர் 14 அன்று அதிபர் ஹாரி ட்ரூமன் வானொலியில் பேசி இறைச்சி மீதான கட்டுப்பாட்டை நீக்கினார். தேர்தலுக்கு மூன்று வாரமே மிச்சம். அதற்குள் மக்கள் மனம் கசந்து போயிருந்தது. இந்தத் தேர்தலின் முடிவை மாட்டிறைச்சிதான் எழுதப்போகிறது என்று அவருடைய கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் சாம் ரேபர்ன் முன்பே அஞ்சியிருந்தார். அப்படியே நடந்தது.

இறைச்சி மட்டும் காரணமல்ல. அந்த ஓராண்டில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். எஃகு ஆலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மே மாதம் ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்கு வராதவர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்க அதிகாரம் கேட்டு ட்ரூமன் நாடாளுமன்றத்தின் முன் நின்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே வேலைநிறுத்தம் முடிந்த செய்தி வந்துவிட்டது. ஆனாலும் தொழிற்சங்கங்கள் அவரை மன்னிக்கவில்லை. தொழிற்சங்கங்களை வெறுத்தவர்களும் அவரை நம்பவில்லை. ரூஸ்வெல்ட் இறந்து ட்ரூமன் பதவியேற்ற புதிதில், 1945இல், கேலப் கணிப்பில் 87 சதவீதம் பேர் அவரை ஆதரித்தார்கள். 1946 இலையுதிர் காலத்தில் அது 33 சதவீதத்தைத் தொட்டது.

எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்கு அந்த ஆண்டு பெரிய தேர்தல் அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. ‘போதுமா?’ என்று வாக்காளர்களைக் கேட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. ஜனநாயகக் கட்சியின் நிலைமை வேறு. தங்கள் அதிபரையே வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது கட்சித் தலைமை. ட்ரூமனும் பேசவில்லை. அவருக்குப் பதிலாக, இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த ரூஸ்வெல்ட்டின் குரலை ஒலிப்பதிவிலிருந்து எடுத்து வானொலியில் ஒலிபரப்பினார்கள். பதவியில் இருக்கும் தலைவருக்கு அவருடைய சொந்தக் கட்சி இதைவிடப் பெரிய அவமானத்தைச் செய்ய முடியாது.

நவம்பர் 5 அன்று முடிவு வந்தது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்கு 246 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 188. செனட்டில் 51க்கு 45. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு இரு அவைகளும் எதிர்க்கட்சியின் கைக்குப் போயின. அந்த அலையில் பிரதிநிதிகள் சபைக்கு முதல்முறையாக வந்தவர்களில் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் நிக்சன் ஒருவர். செனட்டுக்கு விஸ்கான்சினின் ஜோசஃப் மெக்கார்த்தி வந்தார். அலையை மீறி ஜனநாயகக் கட்சிக்காக வென்ற சிலரில் பாஸ்டனின் ஜான் கென்னடி இருந்தார். அடுத்த கால் நூற்றாண்டின் அமெரிக்க அரசியல் அந்த ஒரே நாளில் வாசலுக்கு வந்துவிட்டது.

சொந்த ஊரான மிசோரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸில் வாக்களித்துவிட்டு ட்ரூமன் ரயிலில் தலைநகர் திரும்பினார். ரூஸ்வெல்ட் காலத்தில் இப்படித் தேர்தல் முடிந்து அதிபர் வரும்போது அமைச்சரவையே ரயில் நிலையத்துக்கு வந்து வரவேற்பது வழக்கம். அன்று யூனியன் ஸ்டேஷன் நடைமேடையில் காத்திருந்தவர் ஒரே ஒருவர்: வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் டீன் ஆச்சிசன். ட்ரூமன் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னாளில் அவரையே வெளியுறவுச் செயலராக்கினார்.

அவமானம் அதோடு நிற்கவில்லை. அவருடைய கட்சியின் இளம் செனட்டர் ஒருவர், அதிபர் பதவி விலகுவதே முறை என்று யோசனை சொன்னார். அவர் ஆர்க்கன்சாவின் வில்லியம் ஃபுல்பிரைட். இந்திய ஆய்வாளர்கள் இன்றும் அமெரிக்கா செல்ல உதவும் கல்வி உதவித்தொகைக்குப் பெயர் தந்தவர். துணை அதிபர் பதவி அப்போது காலியாக இருந்தது. அதை இடையில் நிரப்ப அன்றைய அரசியல் சட்டத்தில் வழி இருக்கவில்லை. அன்றைய சட்டப்படி அதிபருக்கு அடுத்த இடம் வெளியுறவுச் செயலருடையது. எனவே குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை வெளியுறவுச் செயலராக நியமித்துவிட்டு ட்ரூமன் விலகிக்கொண்டால், ஆட்சியும் நாடாளுமன்றமும் ஒரே கட்சியிடம் இருக்கும் என்பது ஃபுல்பிரைட்டின் வாதம். பிரிட்டிஷ் முறையைப் படித்தவருக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். ட்ரூமனுக்கு ஆத்திரம் வந்தது. நியாயமான ஆத்திரம். அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அதிபரையும் நாடாளுமன்றத்தையும் வேண்டுமென்றே தனித்தனிக் கடிகாரத்தில் ஓடவிட்டவர்கள்.

அந்தக் கடிகாரக் கணக்கு நமக்குக் கொஞ்சம் புதிது. நம் ஊரில் ஆட்சி கவிழ்ந்தாலோ, அவையை முன்கூட்டியே கலைத்தாலோதான் காலத்துக்கு முன்பே தேர்தல் வரும். அமெரிக்காவில் அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில், இரண்டாவது ஆண்டு நவம்பரில், தவறாமல் ஒரு தேர்தல் வந்துவிடும். பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்கள் அனைவரும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மக்களைச் சந்திக்க வேண்டும். ஆறாண்டுப் பதவி வகிக்கும் செனட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதே நாளில் களத்தில் இருப்பார்கள். வாக்குச்சீட்டில் அதிபரின் பெயர் இருக்காது. ஆனால் தண்டனை அவருக்குத்தான். கடந்த நூறு ஆண்டுகளில் 1934, 1998, 2002 என மூன்று இடைக்காலத் தேர்தல்களில் மட்டுமே அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது. மற்ற எல்லா முறையும் இழப்புதான். அதிபரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டமாக வந்தவர்களில் பலர் இரண்டாண்டு கழித்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கோபத்தில் இருப்பவர்கள் மறக்காமல் வருகிறார்கள்.

இப்படி அடிபட்ட அதிபர்களின் கதி என்ன ஆயிற்று? 1946இல் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு வரலாறு ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும். 1890இல் பெஞ்சமின் ஹாரிசனின் குடியரசுக் கட்சி, உயர்ந்த இறக்குமதி வரியால் மக்களின் கோபத்துக்கு ஆளாகி, பிரதிநிதிகள் சபையில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. இரண்டாண்டில் ஹாரிசன் வீட்டுக்குப் போனார். (அந்த வரிச் சட்டத்தை எழுதிய வில்லியம் மெக்கின்லியும் 1890இல் தன் இடத்தை இழந்தார், ஆறே ஆண்டில் அவர் அதிபரானது தனிக் கதை.) ஹாரிசனை வென்று வந்த க்ரோவர் க்ளீவ்லாண்டை 1893இன் பொருளாதார நெருக்கடி விழுங்கியது. 1894இல் அவர் கட்சி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. 1896இல் அந்தக் கட்சியே அவரைக் கைவிட்டு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியது. 1910இல் சபையை இழந்த வில்லியம் டாஃப்ட், 1912இல் இரண்டே மாநிலங்களை வென்று மூன்றாவதாக வந்தார்.

1918இல் உட்ரோ வில்சன் செய்தது இன்னும் பெரிய தவறு. போர் முடியும் தறுவாயில், தன் கட்சிக்கே வாக்களிக்க வேண்டும் என்று நாட்டு மக்களிடம் எழுத்தில் வேண்டுகோள் விடுத்தார். மக்கள் இரு அவைகளையும் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தார்கள். செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைமை ஹென்றி கேபட் லாட்ஜ் கையில் விழுந்தது. வெர்சாய் ஒப்பந்தம் செனட்டில் இருமுறை தோற்றது. வில்சன் கனவு கண்ட சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா கடைசிவரை சேரவில்லை.

ஹெர்பர்ட் ஹூவரின் கதையில் விதியும் கைகொடுக்கவில்லை. 1930 நவம்பரில் அவர் கட்சி மயிரிழையில் பெரும்பான்மையைத் தக்கவைத்தது. ஆனால் அந்தச் சபை கூடியது 1931 டிசம்பரில்தான். இடைப்பட்ட பதின்மூன்று மாதங்களில் சபாநாயகர் நிக்கலஸ் லாங்வொர்த் உட்பட உறுப்பினர்கள் பலர் இறந்தார்கள். அந்த இடங்களுக்கு நடந்த தேர்தல்கள் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகின. சபை கூடியபோது சபாநாயகர் நாற்காலியில் எதிர்க்கட்சியின் ஜான் கார்னர் அமர்ந்தார். 1932இல் ஹூவருக்குக் கிடைத்தவை 59 தேர்வாளர் வாக்குகள், ரூஸ்வெல்ட்டுக்கு 472.

ஆகவே ட்ரூமன் முடிந்துபோனவர் என்று 1946இல் எல்லாரும் முடிவு கட்டியதைக் குறை சொல்ல முடியாது.

அவர் மீண்டதன் முதல் அறிகுறி தேர்தல் முடிந்த அதே மாதத்தில் தெரிந்தது. நிலக்கரித் தொழிலாளர் தலைவர் ஜான் எல். லூயிஸ், புருவத்தை உயர்த்தினாலே நாடு நடுங்கும் என்ற அளவுக்குச் செல்வாக்குள்ளவர், மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார். இந்த முறை ட்ரூமன் பேச்சுவார்த்தைக்குப் போகவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். தடையுத்தரவை மீறியதற்காகச் சங்கத்துக்கு 35 லட்சம் டாலரும் லூயிஸுக்குப் பத்தாயிரம் டாலரும் அபராதம் விழுந்தது. டிசம்பர் 7 அன்று லூயிஸ் பணிந்தார். தோற்ற அதிபருக்கு ஒரு வகை விடுதலை உண்டு. இனி யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை என்பது ட்ரூமனுக்கு அப்போதுதான் விளங்கியதுபோலத் தோன்றுகிறது.

வெளியுறவில் அவர் எதிர்க்கட்சியோடு கைகோத்தார். 1947 மார்ச்சில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டார். ஜூனில் ஐரோப்பாவைக் கட்டியெழுப்பும் திட்டம் பிறந்தது. அதற்குத் தன் பெயர் வைத்தால் குடியரசுக் கட்சியினர் கொன்றுவிடுவார்கள் என்று அறிந்து, வெளியுறவுச் செயலரான தளபதி மார்ஷலின் பெயரை வைத்தார். செனட்டில் அதைக் கரையேற்றியவர் குடியரசுக் கட்சியின் ஆர்தர் வாண்டன்பெர்க்.

உள்நாட்டில் நிலைமை நேரெதிர். குடியரசுக் கட்சி கொண்டுவந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், 1935 முதல் தொழிற்சங்கங்கள் பெற்றிருந்த உரிமைகளில் பலவற்றை வெட்டியது. ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டுமானால் ஏற்கனவே சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தடைசெய்தது. சங்கத்தில் சேரக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தங்களையே ஒழிக்க மாநிலங்களுக்கு உரிமை தந்தது. 1947 ஜூன் 20 அன்று ட்ரூமன் தன் வீட்டோ அதிகாரத்தால் அதைத் திருப்பி அனுப்பினார். பிரதிநிதிகள் சபை 331க்கு 83 என்ற கணக்கிலும் செனட் 68க்கு 25 என்ற கணக்கிலும் அந்த வீட்டோவைத் தோற்கடித்தன. சட்டம் நிலைத்தது. அவர் சொந்தக் கட்சியின் தென்மாநில உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். ஆனால் ஓராண்டுக்கு முன் அவரைத் தூற்றிய தொழிற்சங்கங்கள் அன்றே அவர் பக்கம் திரும்பின. தோற்ற வீட்டோவே அவருக்குப் படை திரட்டித் தந்தது.

1947 நவம்பரில் அவர் மேசைக்கு ஒரு நீண்ட குறிப்பு வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் ரோ. கையொப்பம் ஆலோசகர் கிளார்க் கிளிஃபோர்டுடையது. நாடாளுமன்றம் எப்படியும் எதையும் நிறைவேற்றப் போவதில்லை; எனவே சமரசத்துக்காகத் திட்டங்களைச் சுருக்க வேண்டாம், மக்களுக்கு வேண்டியதை முழுமையாகக் கேளுங்கள், மறுக்கும் பழியை அவர்கள் சுமக்கட்டும் என்றது குறிப்பு. மேற்கு மாநில விவசாயிகளையும் தொழிலாளர்களையும் வட நகரங்களில் வாழும் கறுப்பின மக்களையும் அது கணக்கில் எடுத்தது. எதிரே நிற்கப்போவது நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி என்றும், முன்னாள் துணை அதிபர் ஹென்றி வாலஸ் மூன்றாவது கட்சி தொடங்குவார் என்றும் சரியாகச் சொன்னது. தெற்கு எப்படியும் கைவிடாது என்ற கணிப்பில் மட்டும் ஏமாந்தது.

1948 பிப்ரவரியில் கறுப்பின மக்களின் குடிமை உரிமைகள் குறித்து ட்ரூமன் நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பியபோது தெற்கு கொதித்தது. ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கட்சி மாநாட்டில் மினியாபொலிஸின் இளம் மேயர் ஹூபர்ட் ஹம்ஃப்ரியின் பேச்சுக்குப் பிறகு குடிமை உரிமைத் தீர்மானம் நிறைவேறியது. மிசிசிப்பி பிரதிநிதிகளும் அலபாமாவினரில் ஒரு பகுதியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட் தனியாக நின்றார். மாநாட்டுக்கு முன்பே, ரூஸ்வெல்ட்டின் மகன் உட்படக் கட்சிக்காரர்கள் பலர் ட்ரூமனை ஒதுக்கிவிட்டுத் தளபதி ஐசனோவரை இழுத்துவர முயன்று தோற்றிருந்தார்கள்.

அதிகாலை இரண்டு மணியளவில்தான் ட்ரூமனுக்கு மேடை கிடைத்தது. குடியரசுக் கட்சி தன் மாநாட்டில் வீட்டுவசதி, விலைவாசி என்று நிறைய வாக்குறுதி தந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்குத்தானே பெரும்பான்மை, வரும் 26ஆம் தேதி அவையைக் கூட்டுகிறேன், வந்து நிறைவேற்றட்டும் என்றார். தூங்கி வழிந்த மண்டபம் எழுந்து நின்றது. சிறப்புக் கூட்டம் கூடி, இரண்டு வாரத்துக்குள் ஒன்றும் உருப்படியாகச் செய்யாமல் கலைந்தது. டூயி தரப்பு எதையாவது நிறைவேற்றித் தரும்படி வேண்டியும் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் அசையவில்லை. அவை கூடிய அதே நாளில் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டார். அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.

பிறகு ரயில். 20,000 மைலுக்கும் மேல் ஓடிய பயணம். சிற்றூர் ரயில் நிலையங்களில் வண்டி சில நிமிடம் நிற்கும், கடைசிப் பெட்டியின் பின்மேடையில் நின்று அதிபர் பேசுவார். செப்டம்பர் 18 அன்று அயோவாவின் டெக்ஸ்டரில் நடந்த உழவுப் போட்டிக்கு வந்த பெருங்கூட்டத்திடம், நாடாளுமன்றம் விவசாயியின் முதுகில் குத்திவிட்டது என்றார். அதில் உண்மை இருந்தது. அரசு விலை ஆதரவு பெற விவசாயி தானியத்தை முறையான கிடங்கில் வைக்க வேண்டும். கிடங்குகள் அமைக்க அரசு நிறுவனத்துக்கிருந்த அதிகாரத்தை அந்த ஜூனில்தான் நாடாளுமன்றம் பறித்திருந்தது. அந்த ஆண்டு அமோக விளைச்சல். சேமிக்க இடமில்லாமல் சோளத்தின் விலை சரிந்தது. 1946இல் இறைச்சி இல்லாததற்கு ட்ரூமன் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. 1948இல் கிடங்கு இல்லாததற்கு அவர் எதிரிகள் பொறுப்பேற்றார்கள். இரண்டு தேர்தலையும் தீர்மானித்ததில் உணவுப் பொருளின் விலைக்கு இருந்த பங்கை அரசியல் வியூகம் பேசுபவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

நியூஸ்வீக் கேட்ட 50 அரசியல் செய்தியாளர்களில் 50 பேரும் டூயி வெல்வார் என்றார்கள். கருத்துக்கணிப்பாளர் எல்மோ ரோப்பர் செப்டம்பரிலேயே கணிப்பதை நிறுத்திவிட்டார். டூயி வென்றதாகவே தலைப்பிட்டுச் சிகாகோ ட்ரிப்யூன் அச்சாகிவிட்டது. முடிவு: ட்ரூமன் 303 தேர்வாளர் வாக்குகள், டூயி 189, தர்மண்ட் 39. அயோவா ட்ரூமனுக்குக் கிடைத்தது. ஒகையோவில் வித்தியாசம் ஏறக்குறைய ஏழாயிரம் வாக்குகளே. இரு அவைகளும் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பின. பிரதிநிதிகள் சபையில் மட்டும் 75 இடங்கள் கூடின.

கதையை இங்கே முடிப்பவர்கள் அதிகம். வீழ்ந்தவர் எழுந்த கதை யாருக்கும் பிடிக்கும். ஆனால் 1949இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். டாஃப்ட்–ஹார்ட்லியை நீக்குவேன் என்பது ட்ரூமனின் தேர்தல் வாக்குறுதி. இப்போது இரு அவைகளும் அவருடையவை. அப்படியும் முடியவில்லை, தென்மாநில ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து முறியடித்தார்கள். எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்பது 1945 நவம்பரிலேயே அவர் முன்வைத்த திட்டம். 1946 தோல்வி அதைக் கிடப்பில் போட்டது. 1949இல் தூசி தட்டி எடுத்தபோது, அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினர்களிடம் தலைக்கு 25 டாலர் திரட்டி எதிர்ப் பிரசாரத்துக்குத் தயாராக நின்றது. 1950 இடைக்காலத் தேர்தலில் 28 இடங்கள் போயின. அதோடு அந்தத் திட்டம் முடிந்தது. முதியோருக்கு மட்டுமான மெடிகேர் சட்டத்தில் 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட இண்டிபெண்டன்ஸுக்கு வந்தபோது ட்ரூமனுக்கு 81 வயது. முதல் அட்டையை அவருக்குத்தான் கொடுத்தார்கள். எல்லாருக்குமான காப்பீடு அப்போதும் வரவில்லை.

பிந்தைய அதிபர்களிடமும் இதே கோலம் தெரிகிறது. 1982இல் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டபோது ரொனால்ட் ரீகன் பிரதிநிதிகள் சபையில் 26 இடங்களை இழந்தார். 1983 ஜனவரியில் அவருக்கு ஆதரவு 35 சதவீதமே. பிறகு பொருளாதாரம் நிமிர்ந்தது. 1984இல் 49 மாநிலங்களை அள்ளினார். ஆனால் அவருடைய முதல் ஆண்டில் நடந்த பெரிய செலவுக் குறைப்புகள் போல மறுபடி நடக்கவில்லை.

பில் கிளிண்டனின் 1994, ட்ரூமனின் 1946க்கு மிக அருகில் வருகிறது. 54 இடங்கள் பறிபோயின. நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருந்த சபை குடியரசுக் கட்சிக்குப் போனது. சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார். 1995 ஏப்ரல் 18 அன்று, தனக்கு இன்னும் முக்கியத்துவம் உண்டு என்று செய்தியாளர்களிடம் கிளிண்டன் வாதாட வேண்டிய நிலை. மறுநாள் ஒக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் மாண்டார்கள். துக்கத்தில் நாட்டுக்கு ஆறுதல் சொன்ன விதத்தில் மக்கள் அவரை மறுபடி அதிபராகப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நியூட் கிங்ரிச் தலைமையிலான சபை, மெடிகேர் செலவை வெட்டும் வரவுசெலவுத் திட்டத்தைத் திணிக்கப் பார்த்தது. கிளிண்டன் வீட்டோ செய்தார். அரசு அலுவலகங்கள் இரண்டு தவணையாக மூடப்பட்டன. இரண்டாவது தவணை 21 நாள் நீடித்தது. மக்கள் பழியைக் கிங்ரிச் மேல் போட்டார்கள். 1996இல் கிளிண்டன் 379 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார்.

என்ன விலைக்கு? தேர்தலுக்கு இரண்டரை மாதம் முன்பு, ஆகஸ்ட் 22 அன்று, ரூஸ்வெல்ட் காலம் தொட்டு ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்துவந்த உதவி உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அதன் முந்தைய வடிவங்களை இருமுறை மறுத்தவர், மூன்றாவதை ஏற்றார். அவருடைய நிர்வாகத்தில் இருந்த பீட்டர் எடல்மன் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். ட்ரூமன் எதிர்த்து நின்று மீண்டார்; கிளிண்டன் பாதி எதிர்த்து, பாதி இணங்கி மீண்டார். ஏழைகளின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

2010இல் பராக் ஒபாமா 63 இடங்களை இழந்தார். அதற்கு ஏழு மாதம் முன்பே நிறைவேறியிருந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் தப்பிப் பிழைத்தது. தேர்தலுக்குப் பிறகு அந்த அளவுக்கு ஒரு சட்டத்தை அவரால் கொண்டுவரவே முடியவில்லை. அதே தேர்தலில் மாநிலச் சட்டமன்றங்கள் பலவும் எதிர்க்கட்சி வசமாகின. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தொகுதி மறுவரையறை அடுத்த ஆண்டுதான். 2012இல் ஒபாமா 332 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அவர் கட்சி நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றது. சபை மட்டும் 234க்கு 201 என்று குடியரசுக் கட்சியிடமே இருந்தது. 2010இன் கோபம் வரைபடமாக உறைந்துவிட்டது.

மறுபுறம், இடைக்காலத் தேர்தலில் தப்பித்தவர்களுக்கு அது கவசமாகவும் இருக்கவில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978இல் 15 இடங்களையே இழந்தார், 1980இல் வீழ்ந்தார். 1990இல் மூத்த புஷ் இழந்தவை 8 இடங்கள். 1992இல் அவருக்குக் கிடைத்தது 37 சதவீத வாக்கு. 2022இல் ஜோ பைடனின் கட்சி எல்லாக் கணிப்புகளையும் மீறிச் சபையில் 9 இடங்களை மட்டும் இழந்து, செனட்டில் ஒன்றைக் கூட்டிக்கொண்டது. அந்த நல்ல முடிவே அவரை மறுபடி போட்டியிடத் துணிய வைத்ததாகப் பலர் கருதுகிறார்கள். 2024 ஜூலையில் அவர் பாதியில் விலக நேர்ந்தது. 2018இல் சபையை இழந்த டொனால்ட் ட்ரம்ப் 2020இல் தோற்று, 2024இல் திரும்பி வந்தார். இடைவெளி விட்டுத் திரும்பிய இன்னொரு அதிபர் க்ளீவ்லாண்ட் மட்டுமே.

1946 தேர்தல் விட்டுச்சென்றவற்றில் மிக நீண்டு வாழ்வது டாஃப்ட்–ஹார்ட்லிகூட அல்ல. அந்த நாடாளுமன்றம் கூடிய வேகத்தில் செய்த காரியங்களில் ஒன்று, ஒருவர் இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம். நான்கு முறை வென்ற ரூஸ்வெல்ட்டின் நினைவுக்கு எதிராக எழுதப்பட்டது அது. 1947 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 285க்கு 121 என்று ஏற்றது. வாக்களித்த குடியரசுக் கட்சியினரில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. 1951 பிப்ரவரி 27 அன்று மாநிலங்களின் ஒப்புதல் நிறைவடைந்தது. பதவியிலிருந்த ட்ரூமனுக்கு விலக்கு உண்டு. அப்படியும் 1952 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரின் உட்கட்சித் தேர்தலில் தோற்றபின் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அந்தத் திருத்தம் முதலில் கட்டிப்போட்டது அதைக் கொண்டுவந்த கட்சியின் சார்பில் பின்னாளில் அதிபரான ஐசனோவரைத்தான். 1958இல் அவர் கட்சி 48 இடங்களை இழந்தபோது, ட்ரூமனைப்போல ரயிலேறி மக்களிடம் நியாயம் கேட்க அவருக்கு வழியில்லை. இரண்டாவது பதவிக்காலத்தின் இடைக்காலத் தோல்விக்கு அன்று முதல் பரிகாரம் கிடையாது. 1986இல் ரீகன் செனட்டை இழந்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கு அவர் நியமித்த ராபர்ட் போர்க்கை அந்தச் செனட் 58க்கு 42 என்று நிராகரித்தது. 2014இல் ஒபாமா செனட்டை இழந்தார். 2016 பிப்ரவரியில் நீதிபதி அண்டனின் ஸ்காலியா இறந்தபின், மார்ச்சில் மெரிக் கார்லண்டை நியமித்தார். மிச் மெக்கானல் தலைமையிலான செனட் விசாரணைகூட நடத்தாமல் ஏறக்குறைய பத்து மாதம் காத்திருந்தது. 2017 ஜனவரி 3 அன்று அந்த நியமனம் காலாவதியானது. ஏப்ரலில் அந்த நாற்காலியில் ட்ரம்ப் நியமித்த நீல் கோர்சச் அமர்ந்தார்.